ஆமை அக்காவின் தளம் வேகமான நாள்

அவரை நான் முதலில் அறிந்தது ஒரு திட்டாகத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. தொலைபேசியை எடுத்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனை ஆரம்பித்துவிட்டது.

"ஏம்பா, உங்க சர்வர் என்ன ஆமைக்குப் பொறந்ததா? ஒரு பட்டனத் தட்டிட்டு, தலை வாரி, பின்னல் போட்டு, ரப்பர் பேண்டும் மாட்டிட்டேன். இன்னும் பக்கம் வரல."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பணிவாகக் கேட்டேன். "மேடம், ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"ஒண்ணும் தெரியல."

"வெள்ளையா இருக்கா? இல்ல, வட்டமா ஏதாவது சுத்திக்கிட்டே இருக்கா?"

"தம்பி, எனக்கு ஸ்கிரீன்லயும் ஒண்ணும் தெரியாது, செவுத்துலயும் ஒண்ணும் தெரியாது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீ புதுசா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி விடு. பேயறைஞ்ச மாதிரி நிக்காத. சர்வரைப் பாரு."

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. அவருடைய எண் வந்தாலே "ஆமை வந்தாச்சு" என்று போனை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எப்படியோ போயிருந்தது. ஒருநாள் அவரே, "ஆமை அக்கா பேசறேன்" என்றுதான் ஆரம்பித்தார். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா ஆகிவிட்டது.

எங்கள் நிறுவனத்தின் வேலை கிட்டத்தட்ட வீட்டுத் தரகர் வேலை. மற்றவர்களுடைய இணையதளங்களுக்கு எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய சர்வர்களில் இடம் பிடித்துக் கொடுத்து, பராமரிப்போம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டமளிப்பு உடுப்பில் எடுத்த என் படத்தை அம்மா வாசற்கதவுக்கு நேரெதிரே மாட்டியிருக்கிறார். தண்ணீர் கேட்டு வருகிறவர்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். ஆமை அக்காவிடமும் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு கோபம் வந்தால் நான் "பட்டதாரி", வராவிட்டால் "தம்பி".

அவருடைய தளத்தில் படம் ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் ஒலி. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பலரைக் கொண்டு வாசிக்கச் சொல்லி, பதிவுசெய்து, வகுப்பு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு கணினிக் குரலின் துணையோடு தளத்தை அவர் ஒருவரே நடத்தினார். பட்டனைத் தட்டியதற்கும் அந்தக் குரல் வாய் திறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் மௌனம் என்பதுதான் அவருடைய வேகமானி. எங்களிடம் அதற்கென்று வரைபடங்கள், மென்பொருள்கள் எல்லாம் இருந்தன. அவை மஞ்சள் காட்டுவதற்குள் அக்கா திட்டி முடித்திருப்பார்.

ஒருமுறை அவர் வீட்டுக் கணினியில் ஏதோ பழுது. நேரில் போனேன். இரண்டாம் மாடி, ஒடுக்கமான அறை, ஜன்னலோரம் மேசை, மேசைக்குக் கீழே ஒரே மாதிரி இரண்டு கணினிப் பெட்டிகள். விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் வந்த பிறகு, "அண்ணா, பட்டதாரிக்கு லைட்டப் போடு, பாவம்" என்றார். மூலையில் இருந்த உயரமான மனிதர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். பேசவில்லை. கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தார்.

"எந்தப் பெட்டியிலக்கா கோளாறு? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றேன்.

"இரு, அவனையே கேப்போம்." எதையோ தட்டினார். வலது பெட்டியிலிருந்து குறுந்தகடு வைக்கும் தட்டு 'கிர்ர்' என்று வெளியே வந்தது. அக்கா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா, நாக்க நீட்டுறான். எந்த மிஷின்கிட்ட பேசறோம்னு எனக்கு வேற எப்படித் தெரியும்? எல்லாப் பயலும் ஒரே மாதிரி உறுமுறானுங்க. நாக்க நீட்டுடான்னா நம்மாளு நீட்டுவான்."

அன்றைக்குத்தான் அண்ணனைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். உச்சியில் நின்று கூப்பிட்டால் அடித்தளத்தில் நிற்கும் உதவியாளுக்குக் கேட்கும் குரலாம். வேலை முடிந்து வந்து, மாலை வேளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலையும் இயற்பியலையும் முழுக்க வாசித்துக் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மேசையில் ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. அதற்கு மேல் சொல்ல இருந்தால் தட்டச்சு செய்வார், கணினிக் குரல் தங்கைக்குப் படித்துச் சொல்லும்.

"அதுதான் தம்பி எனக்கு ஆகவே மாட்டேங்குது" என்றார் அக்கா, அண்ணன் தேநீர் போடப் போன சமயம். "அண்ணன் எழுதினாலும் அந்த மிஷின்தான் படிக்குது. பேங்க்லேருந்து மெசேஜ் வந்தாலும் அதே மிஷின்தான் படிக்குது. ரெண்டும் ஒரே குரல். எது அண்ணன், எது பேங்க்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"உங்களுக்கெல்லாம் போட்டோ இருக்கு. எனக்கு அந்தப் பாடம்தான் போட்டோ. கேளு." ஒரு பதிவைத் தட்டிவிட்டார். கனமான, லேசாகக் கரகரத்த குரல் அமிலங்களைப் பற்றி வாசித்தது. பத்தி முடிந்ததும், "சரி, அடுத்த பக்கத்தைத் திருப்புங்க... மன்னிக்கணும், உங்களுக்குப் பக்கமே கிடையாதுல்ல, கொடுத்து வச்சவங்க" என்று சொல்லி இருமியது. ஒவ்வொரு பாடத்திலும் இதே வேடிக்கைதானாம்; மாணவர்களுக்கு அந்த இருமல்வரை மனப்பாடம்.

அசல் பதிவுகள் இருந்த டிஸ்க், வீடு மாறும்போது கைதவறி விழுந்து உடைந்துவிட்டது. ஆக அண்ணனின் குரல் இருந்தது இரண்டே இடங்களில். ஒன்று தளம். இன்னொன்று, தளத்துக்கு நாங்கள் எடுத்துவைக்கும் காப்பு நகல்.

நகல் எடுக்கும் நேரத்திலும் அக்காவுக்கு எங்களோடு தகராறுதான். எல்லா வாடிக்கையாளருக்கும் ஊர் தூங்கிய பிறகு எடுப்போம். எடுக்கும்போது தளம் தள்ளாடும், யாருக்கும் தெரியாது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க பிள்ளைங்க படிக்கிறதே ராத்திரிலதான். விடுதி அடங்கினாத்தானே காதுக்கு வேலை? லைட் அணைச்சாலும் அவங்க படிப்பாங்க, அது ஒரு வசதி. நீ மதியானம் எடு. அப்ப வகுப்புல தூங்கிக்கிட்டு இருப்பாங்க." முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒருவருக்கு மட்டும் மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

பரீட்சை நெருங்கியது. தளம் படுத்துவிட்டது. ஒரு பாடம் திறக்க யுகமாகிறது, நடுவில் குரல் திக்குகிறது. அக்கா முதலில் மாணவர்களைத்தான் சந்தேகப்பட்டார். பாடங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவன் இறக்கினால் பத்துப் பேருக்குத் திக்கும், கேட்பதானால் தளத்திலேயே கேளுங்கள் என்பது அவர் போட்ட சட்டம். விடுதிகளுக்குப் போன் போட்டு, "எவன்டா திருடுறது? காதைத் திருகிடுவேன்" என்று மிரட்டினார். எல்லாரும் சத்தியம் செய்தார்கள். வேகம் கூடவில்லை.

நான் சர்வரின் பதிவுகளைத் துருவிப் பார்த்தேன். கூட்டம் காரணமில்லை. தரவு இருக்கும் டிஸ்க்கே ஒவ்வொரு கோப்பையும் பலமுறை முயன்றுதான் படித்துக்கொண்டிருந்தது. கண் மங்கிப்போன ஆள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரலால் தேடுவதைப் போல.

"டிஸ்க் போகப் போவுது சார்" என்றேன்.

முதலாளிக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும். நானே பண்றேன்" என்றார். செய்தார். சர்வர் எழுந்தது. தளம் பறந்தது! தட்டிய கணத்தில் பக்கம் வந்தது. "பாத்தியா, அனுபவம்" என்று பையை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் கிளம்பினார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அலுவலகத்தில் நான் ஒருவன்.

நல்ல செய்தி சொல்லலாம் என்று நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"கேட்டேன்" என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. "ஏன் தம்பி இவ்வளவு வேகமா இருக்கு?"

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணோம்கா."

"அதில்ல. சாமான் இருக்கிற வீட்டுல கூப்பிட்டா குரல் அமுங்கும். காலி வீட்டுலதான் கணீர்னு திரும்பி வரும். இது காலி வீடு மாதிரி இருக்கு. நீ ஒரு பாடத்தைத் திற."

திறந்தேன். முகப்பு வந்தது. வகுப்புகளின் பட்டியல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பைத் தட்டினேன். வெறுமை. பதினொன்று, வெறுமை. வேகத்துக்குக் காரணம் புரிந்தது: படிக்க எதுவுமே இல்லை. சர்வர் எழுந்துவிட்டது, தரவு டிஸ்க் எழவில்லை. செத்துவிட்டது.

"அக்கா... டிஸ்க் போயிடுச்சு."

"சரி. அதுக்குத்தானே பேக்கப்" என்றார். தன்னைத்தானே தட்டிக்கொடுப்பது போல இருந்தது. "இரு, நான் அதுல போய்க் கேட்டுட்டு வரேன், அப்பதான் என் மனசு ஆறும்." காப்பு நகலை வாடிக்கையாளர் பார்க்கலாம், கேட்கலாம், எதையும் மாற்ற மட்டும் முடியாது. போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவர் தட்டுவது எனக்குக் கேட்டது. கணினிக் குரல் விறுவிறுவென்று எதையோ படித்தது.

"தம்பி, இங்க பத்தாவது வகுப்பைக் காணோம்."

"என்னது?"

"பதினொண்ணுல தமிழ் இருக்கு, கணக்கு இருக்கு. பத்து இல்ல. ஏன்?"

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம். அக்காவின் நகல் எடுக்கும் நேரம்.

எங்கள் நகல் நிரல் முதலாளியே எழுதியது. அங்கே இருப்பது இங்கே இருக்க வேண்டும், அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக் கூடாது என்பது அதன் தர்மம். வாடிக்கையாளர் தூக்கியெறிந்த குப்பை எங்களிடம் சேராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. முதலில் அங்கிருந்து பட்டியல் வாங்கும். பட்டியலில் இல்லாததையெல்லாம் இங்கே அழிக்கும். பிறகுதான் புதியதைக் கொண்டுவரும். இன்றைக்கு அது வாங்கிய பட்டியல் காலி. ஆகவே, சொன்ன வேலையைத் தவறாமல் செய்யும் நல்ல வேலைக்காரனாக, எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தது. பட்டியல் கைக்கு வந்துவிட்டதால் இனி அந்தச் சர்வரை அணைத்தும் பயனில்லை. அழிப்பது இங்கே, எங்கள் அலுவலகத்துக் கண்ணாடி அறையில், முதலாளி மலிவாக வாங்கி அடுக்கிய பழைய கணினிகளில் ஒன்றில் நடக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"பன்னெண்டு கடைசிதானே? ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும் போய் முடியட்டுமே, அதுக்குள்ள—"

"இல்லக்கா. மிஷின் முதல் எண்ணைத்தான் பாக்கும். அதுக்கு ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் முதல்ல. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அதுக்கப்புறம்தான் ஆறு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "பதினொண்ணுல தமிழ் மட்டும்தான் மிச்சம்" என்றார் அக்கா, மிக மெதுவாக.

நிரலை நிறுத்தும் கடவுச்சொல் முதலாளி ஒருவருக்குத்தான் தெரியும். இன்னொரு போனில் அவரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். "டாக்டர் கிளினிக். அவர் வாயில பஞ்சு வச்சிருக்கு, பேச முடியாது."

"உயிர் போற அவசரம்ங்க! ஒரு பாஸ்வேர்டு மட்டும்—"

"வாயைத் திறந்துக்கிட்டு இருக்காருங்க. கையைத்தான் ஆட்டுறாரு. அரை மணி கழிச்சுப் பேசுங்க."

வைத்துவிட்டார். அக்கா இருந்த போனோடு கண்ணாடி அறைக்கு ஓடினேன். இழுத்துவிட வேண்டியதுதான், மின்சாரத்தையே பிடுங்கிவிட வேண்டியதுதான். உள்ளே குளிர், மின்விசிறிகளின் இரைச்சல். அலமாரித் தட்டில் ஒரே மாதிரி சாம்பல் நிறப் பெட்டிகள் வரிசையாக. கம்பிகளை மாட்டுவதற்கு வசதியாக முதுகு நம் பக்கம், முகம் சுவர்ப் பக்கம். பெயரெழுதி ஒட்டிய சீட்டுகள் குளிரில் பசைவிட்டுத் தரையில் கிடந்தன.

"எதுன்னு தெரியலக்கா. எல்லாத்தையும் பிடுங்கிடறேன்."

"நில்லு!" ஆமை அக்கா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "அதுல ஒண்ணுல ஆஸ்பத்திரி லேப் ஓடுதுன்னு நீதானே சொன்ன? இப்ப யாருக்கோ ரத்தம் எடுத்து வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

சொல்லியிருந்தேன். மற்றவை வெறும் நகல்கள். அது ஒன்று மட்டும் அந்த நேரத்திலும் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது. அணைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"உங்க அண்ணன் குரல்கா!"

"எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாதாடா அது?"

அப்போது மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. சிறிது விட்டு மறுபடியும் இரண்டு. அண்ணன். பிடுங்காதே.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா பேசினார். "தம்பி, அந்த மிஷின்ல சிடி போடற தட்டு இருக்கா?"

"பழைய மிஷின்தான். எல்லாத்துலயும் இருக்கும்."

"அப்ப நாக்க நீட்டச் சொல்றேன். அதுக்கு எனக்கு அனுமதி இருக்கா இல்லையான்னு தெரியாது, உங்க முதலாளி அதையெல்லாம் யோசிச்சிருக்க மாட்டாரு. நீ பாரு."

தட்டினார். நான் பெட்டிகளின் முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

"வந்துச்சா?"

"இல்லக்கா."

"பதினொண்ணு முழுசாப் போச்சு. பன்னெண்டு ஆரம்பிச்சிருச்சு. உயிரியல்லேருந்து கழிச்சுக்கிட்டு வருது." ஆங்கில எழுத்து வரிசையில் உயிரியல் முதலில், அதற்கடுத்தது வேதியியல், பிறகு இயற்பியல். "மறுபடி சொல்றேன். அது அழிக்கிற மும்முரத்துல இருக்கு, என் பேச்சு காதுல ஏற நேரமாகும். அவசரப்படாத."

எந்த வேகக்குறைவுக்காக இத்தனை நாள் திட்டு வாங்கினேனோ, அதற்கு அந்த அறையில் நின்று நன்றி சொன்னேன். கிழட்டு டிஸ்க், பெரிய பெரிய ஒலிக் கோப்புகள். ஒவ்வொன்றையும் முக்கி முனகித்தான் அழித்தது. புது மிஷினாக இருந்திருந்தால் நான் போனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"வேதியியல் போகுது தம்பி. வந்துச்சா?"

முகங்கள் சுவர்ப் பக்கம் இருக்கின்றனவே, நாக்கை நீட்டினாலும் எனக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டிகளுக்கும் சுவருக்கும் இடையே கை நுழைய மட்டுமே இடைவெளி. கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துக் கையை உள்ளே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு பெட்டியின் முகத்தையும் தடவிக்கொண்டே போனேன். தூசி. சூடு. இரைச்சல்.

"அண்ணனோட முதல் பாடம் போச்சு" என்றார் அக்கா. அவர் குரல் கணினிக் குரலைப் போலவே தட்டையாகிவிட்டிருந்தது. "ரெண்டாவது போச்சு."

"மறுபடி நீட்டச் சொல்லுங்கக்கா. சொல்லிக்கிட்டே இருங்க."

கோடியிலிருந்து வந்தது. 'கிர்ர்... டொக்.' தட்டு வெளியே வரப் பார்த்து, சுவரில் முட்டி, உள்ளே போனது. மறுபடி 'கிர்ர்... டொக்.' கையை எட்டிப் போட்டேன். பிளாஸ்டிக் விளிம்பு என் விரலில் இடித்தது.

"அக்கா, நிறுத்துங்க! இப்ப ஒரே ஒரு தடவை நீட்டச் சொல்லுங்க."

காத்திருந்தேன். 'கிர்ர்.' விரலில் ஓர் இடி.

முதுகுப் பக்கம் வந்து அதே பெட்டியின் கம்பியைப் பிடித்தேன். தவறாக இருந்தால், யாருடைய ரத்தமோ. பிடுங்கினேன். இரைச்சலில் ஓர் இழை குறைந்தது.

"நின்னுடுச்சு" என்றார் அக்கா. "பேச மாட்டேங்குது. நீதானா?"

"நான்தான்கா."

மற்ற பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மருத்துவமனையிலிருந்து போன் வரவில்லை.

எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கவும் வழியில்லை. மறுபடி உயிர் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அழிக்க ஆரம்பித்துவிடும். முதலாளி வரும்வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முன்னால் ஆமை அக்கா வந்துவிட்டார், அண்ணனின் முழங்கையைப் பிடித்தபடி. சாப்பிட்டுத் திரும்பியவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "என்ன, எல்லாரும் ஆமையைப் பாக்க எழுந்து நிக்கிறீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

முதலாளி வந்தார். ஒரு கன்னம் மரத்துப்போய், வாயோரம் கோணிக்கொண்டு, ஆனால் விஷயம் கேட்டதும் முகம் வெளுத்துப்போய். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பார்ப்பதற்கு மட்டுமாக மாட்டினார். நான் பன்னிரண்டாம் வகுப்பைத் திறந்தேன். உயிரியல் இல்லை. வேதியியலில் கடைசிச் சில பாடங்கள். இயற்பியல் என்று ஓர் உறை.

"படிடா" என்றார் அக்கா.

"இயற்பியல் இருக்குக்கா."

"இருக்குன்னா? உறை இருக்கா, உள்ள இருக்கா? போட்டுக் காட்டு."

முதல் கோப்பைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. டிஸ்க் தேடியது. அக்காவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பிறகு அறை முழுக்க அந்தக் குரல் எழுந்தது. மின்னூட்டங்களைப் பற்றிப் பேசியது. குரலின் சொந்தக்காரர் கழுத்தில் துணியோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தார். பத்தி முடிந்தது. "சரி, அடுத்த பக்கத்தைத் திருப்புங்க... மன்னிக்கணும்..." இருமல்.

அக்கா கையை நீட்டி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி திரும்பி நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாக்கியெல்லாம் யாராவது மறுபடி வாசிப்பாங்க" என்றார் அக்கா. "வேதியியலை யாரு வாசிக்கிறது?" அண்ணன் மேசையில் எதுவும் தட்டவில்லை.

அடுத்த வாரம் பரீட்சை. தளத்தில் வேதியியலில் கடைசிச் சில பாடங்கள்தான் இருக்கின்றன என்று அக்கா விடுதிகளுக்குச் சொன்னார். ஒரு விடுதியில் ஒருவன், "அக்கா, திட்ட மாட்டேன்னு சொல்லுங்க" என்றானாம்.

"எதுக்குடா?"

"முதல்ல சொல்லுங்க."

அவன் போனில் வேதியியல் நாலு பாடம் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரனிடம் ஆறு. வேறொரு விடுதியில் ஒருத்தி பத்தாம் வகுப்பு முழுவதையும் வைத்திருந்தாள். சத்தியம் செய்த அத்தனை பேரும் திருடர்கள். "இவ்வளவு பேரு இறக்கினா ஏன் தளம் படுக்காது?" என்று அக்கா என்னிடம் கத்தினார். அழுதுகொண்டே கத்தினார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் நான் வேறு வேலையே பார்க்கவில்லை. வந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு அடுக்கினேன். முதலாளியின் நிரலிலும் கைவைத்தேன். ஒரே வேளையில் நிறையக் கோப்புகளை அழிக்க நேர்ந்தால் அது நின்று, மனிதனைக் கேட்க வேண்டும். அந்தச் சில வரிகள் நான் எழுதியவை. அம்மாவிடம் போனில் விளக்கினேன். "படிச்ச புள்ளைன்னா சும்மாவா" என்றார். புரிந்திருக்காது, ஆனாலும் நான் மறுக்கவில்லை.

வேதியியலில் அண்ணனின் ஒரே ஒரு பாடம் மட்டும் யாரிடமும் கிடைக்கவில்லை. அதன் இடத்தில், அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த ஒரு மாணவன் தானே சொல்லிப் பதிவுசெய்து அனுப்பினான். அண்ணனின் ஏற்ற இறக்கம், "மன்னிக்கணும்", இருமல் எல்லாம் அதே இடத்தில். அதை வீட்டில் போட்டபோது நான் இருந்தேன். அண்ணன் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். நாற்காலி கிரீச்சிடுவதை வைத்து அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "என்ன சிரிப்பு? உன்னைவிட அவன் நல்லா இருமுறான்" என்றார். மேசையில் இரண்டு தட்டு விழுந்தது.

ஆமை அக்கா இப்போதும் அதே இரண்டாம் மாடியில் இருந்து தளத்தை நடத்துகிறார். நகல்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவர் மேசைக்குக் கீழே. பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ள மாணவர்களுக்கு அனுமதி உண்டு. அண்ணன் பகலில் லிஃப்ட் வேலைக்குப் போகிறார், மாலையில் மற்றவர்கள் வாசித்த பதிவுகளைக் கேட்டுப் பிழை வரும் இடத்தில் மேசையைத் தட்டுகிறார். நேற்றுகூட அக்கா என்னைக் கூப்பிட்டார். தளம் மெதுவாக இருக்கிறதாம்.